பேச்சறையில் பிறந்த பூனை

"குழாயத் தொறந்துட்டுப் பேசு, எத்தனை வாட்டி..."

"தொறந்துதாங்க இருக்கு! வாளி ரொம்பி வழியுது, உங்களுக்குத்தான் காது..."

"மெதுவா! அவனுக்குக் கேட்டுடப் போகுது."

"கேக்கட்டுமே! ஒரு வார்த்தை கேட்டா என்ன, மண்டையா ஒடஞ்சிடும்?"

"ஒரு வார்த்தை ஒரு கூடை மண்ணுன்னு ஐயா சொன்னாரா இல்லையா?"

"அப்ப உங்க ஐயா வாரா வாரம் மைக்குல லாரி லாரியாக் கொட்டறாரே, அது என்ன?"

"ஐயாவப் பத்திப் பேசாத, சொல்லிட்டேன்."

"அவரப் பத்தி நான் எதுக்குப் பேசறேன்? என் புள்ளய அந்தக் குடில்ல விட மாட்டேன். அவ்வளவுதான்."

"உன் புள்ளயா? அப்ப எனக்கு அவன் யாரு, மாடி வீட்டுக்காரன் புள்ளயா?"

இந்தச் சண்டை நடந்த இடம் குளியலறை. கணவன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். மனைவி துணி துவைக்கும் இயந்திரத்தில் சாய்ந்து நின்றாள். அந்த வீட்டில் யாருக்காவது யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் இங்கே வந்து, கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேச வேண்டும். குழந்தை பிறந்த நாளிலிருந்து இதுதான் சட்டம். ஒருமுறை தண்ணீர் வாரியத்து ஆட்கள் வந்து, எங்கேயோ குழாய் உடைந்திருக்கிறது என்று சுவரெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதுவும் உடையவில்லை. குடும்பம் பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கணவனுக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுப்பவன். அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எந்த வண்டி எவ்வளவு தாமதம் என்று நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்வாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே பேச்சையும் கழற்றி வைத்துவிட வேண்டும். பெற்ற பிள்ளைக்கு மட்டும் அவள் வாயைத் திறக்கக் கூடாது.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன், நீ பதில் சொல்லு," என்றான் கணவன், வழக்கை முடிக்கப் போகிற வக்கீல் தோரணையில். "போன வாரம் அவன் என்ன சொன்னான்? அப்பா கடையில பெரிய கண்ணாடி அலமாரி ஒடஞ்சு போச்சுன்னு சொன்னானா இல்லையா? அத்தனை பேர் முன்னாடி? நான் அவன்கிட்ட சொன்னேனா? நீ சொன்னியா? அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அது..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"என்ன அது?"

அவள் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"ஒண்ணுமில்லீங்க. வர்ற வெள்ளிக்கிழமை அவனையே கேப்போம். குடிலுக்குப் போறேன்னு அவன் வாயால வந்தா, நானே பெட்டி கட்டி அனுப்பறேன். ஒண்ணே ஒண்ணு. அவன் பொய் சொன்னா?"

"பேத்தாத. குழந்தை எங்கயாவது பொய் சொல்லுமா?"

"சொல்லாதில்ல? அதுக்குத்தான் கேட்டேன்."

இனி அந்த ஐயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூலமொழி ஐயா என்பது ஊர் வைத்த பெயர். அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அவர் கண்டுபிடித்த உண்மை இதுதான். பிறக்கும்போதே ஒவ்வொரு குழந்தையும் மூலமொழியைக் கொண்டு வருகிறது. உலகத்தில் உள்ள சகலமும், நடந்ததும் நடக்கப் போவதும், அந்த மொழிக்குள் இருக்கிறது. நாம்தான் 'பால்', 'பந்து', 'வா', 'போ' என்று வார்த்தைகளை வீசி அதைப் புதைத்துவிடுகிறோம். மூன்று வயது வரை ஒரு சொல்லும் காதில் விழாமல் காப்பாற்றிவிட்டால் குழந்தை ஞானியாகிவிடும். கடைசி ஓர் ஆண்டு வீட்டில் காப்பாற்றுவது கஷ்டம் என்பதால் அதற்கென்று ஊருக்கு வெளியே மௌனக் குடில் கட்டி வைத்திருந்தார். பெற்றவர்கள் அங்கே எட்டிப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் பேசுவதை இந்த உலகத்தில் புரிந்துகொள்ளக் கூடிய ஒரே காது ஐயாவின் காது.

இத்தனையையும் அவர் விளக்கியது நம் எல்லோருக்கும் தெரிந்த சாதாரணப் பேச்சில்தான். மூலமொழியில் அவருக்கு ஒரு டீ சொல்லிக்கூடப் பழக்கம் கிடையாது.

முன்பு மரச்சாமான் விற்ற ஒரு பெரிய கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். படித்தவர்கள் முன்வரிசை, மற்றவர்கள் பின்வரிசை. ஏமாறுவதில் வரிசை வித்தியாசம் எதுவும் இருந்ததில்லை. மேடையில் திரை. திரைக்குப் பின்னால் ஐயா. பக்கத்துச் சிறு அறையில் வாயகன்ற ஒரு செம்புப் பானை. பானையின் அடியிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போய் ஐயாவின் காதில் முடியும். தாய் குழந்தையோடு பானை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குழந்தை பானைக்குள் ஏதோ ஒன்று சொல்லும், அழும், சில சமயம் தும்மும். ஐயா மைக்கில் மொழிபெயர்ப்பார்.

"நான் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை!" இதை அவர் பெருமையாகச் சொல்வார். "முகம் ஏமாற்றும். காது ஏமாறாது!"

ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இது அவரே போட்டுக்கொண்ட நிபந்தனை.

சும்மா சொல்லக் கூடாது, மொழிபெயர்ப்பில் ஆளை அசத்திவிடுவார். "உங்கள் வீட்டில் மாமியாரும் மருமகளும் சமையலறை அலமாரிக்குச் சண்டை போடுகிறீர்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை என்கிறது குழந்தை." கூடம் ஆடிப்போகும். அந்த மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆறு மாதக் குழந்தைக்கு அலமாரி விஷயம் எப்படித் தெரியும்?

தெரிந்த விதம் இப்படி. ஐயாவுக்கு இரக்க மனசு. வாரமெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கும் தாய்மார்கள் என்ன ஆவார்கள்? அதற்காகக் கூடத்துக்குப் பின்னால் பேச்சறை என்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார். குழந்தைகளைத் தொட்டில் அறையில் விட்டுவிட்டு, தாய்மார்கள் அங்கே உட்கார்ந்து மனம்போலப் பேசலாம். பேசினார்களா என்று கேட்கிறீர்களா? அணை உடைந்தால் தண்ணீர் எப்படிப் போகும்? கணவன், நாத்தனார், மூட்டுவலி, பூட்டுப் போட்ட பீரோ, எல்லாம் வரும். மூலையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு ஓர் அம்மாள். ஸ்வெட்டர் அக்கா என்பார்கள். எல்லோருக்கும் டீ கொடுப்பாள். வாயைத் திறந்து அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"அப்புறம்?"

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரையே கொட்ட வைத்தவள் அவள். அவ்வப்போது எழுந்து ஐயாவுக்குத் தண்ணீர் கொண்டு போவாள். ஒரு கூட்டத்துக்குள் ஐயா குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் ஒட்டகத்துக்கே பொறாமை வரும். யாரும் அதை யோசித்ததில்லை. ஞானிகளுக்குத் தாகம் அதிகமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

கண்ணாடி அலமாரி உடைந்த கதையை அறிவிப்பாளர் சொன்னது அந்த அறையில்தான். "அப்புறம்?" என்றாள் ஸ்வெட்டர் அக்கா. அப்புறம் எல்லாம் சொன்னாள். குளியலறையில் குழாயை மூடியபோது அவள் நினைவுக்கு வந்தது அந்த "அப்புறம்?"தான்.

ஆனால் அவள் மனம் புரண்டது அதற்கு முன்பே. அலமாரி விஷயம் வெறும் கடைசிச் செங்கல்.

மாடி வீட்டில் ஒரு சின்னப் பெண். இவள் மகன் வயதுதான். மின்தூக்கியில் வரும்போதெல்லாம் வாய் ஓயாது. ஒருநாள் அதன் அம்மாவின் துண்டில் அச்சடித்திருந்த ஒரு பூனையைக் காட்டி, "பூனை!" என்றது. கீழே இறங்கியதும் சுவரில் யாரோ கரியால் கிறுக்கியிருந்ததைக் காட்டி, "பூனை!" என்றது. வாசலில் உயிரோடு ஒன்று ஓடியது. "அம்மா, இதும் பூனை!"

துண்டில் இருந்தது ஊதா நிறம். சுவரில் இருந்ததற்கு மூன்றே கால். ஓடியதோ சாம்பல் நிறம். மூன்றையும் எடுத்து அந்தச் சின்னத் தலை ஒரே சொல்லால் முடிச்சுப் போட்டுவிட்டது. அறிவிப்பாளர், காதில் பஞ்சோடு இடுப்பில் இருந்த தன் மகனைப் பார்த்தாள். அவனும் மூன்றையும் பார்த்தான். மூன்றும் அவனுக்கு மூன்று புது அதிசயங்கள். பார்த்தான், விட்டான். முடிச்சுப் போட அவனிடம் நூல் இல்லை. நூலைக் கொடுக்க வேண்டியவள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாமனாருக்குக் காய்ச்சல் என்று குழந்தையை ரயில் நிலையத்துக்கே தூக்கிக்கொண்டு போனாள். காதில் பஞ்சு வைத்து, பார்சல் கட்டும் தோழியிடம் விட்டிருந்தாள். இவள் அறையிலிருந்து அறிவிப்புச் சொன்னாள். முடித்து வெளியே வந்து பார்த்தால், பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவன் தூணில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். முகமெல்லாம் சிரிப்பு. அவள் போய்த் தோளைத் தொட்டாள். திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் ஒலிபெருக்கியைத்தான் பார்த்தான். இரண்டு கையையும் நீட்டி, தூக்கிக்கொள் என்று அதைத்தான் கேட்டான்.

அன்றைக்கு அவள் ஒரு வண்டிக்குத் தவறான நடைமேடையைச் சொல்லிவிட்டாள். வேலையில் சேர்ந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

இப்போது முன்பு வந்துகொண்டிருந்த மழலைகூடக் குறைந்துகொண்டு வந்தது. வேண்டியது கிடைக்காவிட்டால் எதிரில் உள்ளதைத் தள்ளிவிடுவான். மற்றபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். "பாரு, எவ்வளவு பக்குவம்!" என்பான் கணவன், குழாயைத் திறந்துவிட்டு.

குளியலறைச் சண்டைக்கு அடுத்த நாள் காலையில் அவள் மாமனாரைத் தேடிக்கொண்டு பூங்காவுக்குப் போனாள். அவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல அவ்வளவு எடம் கெடக்கு!" என்று காலமெல்லாம் கத்திய தொண்டை. வீட்டில் அதற்குப் பூட்டு. அதனால் தினமும் பூங்காவுக்கு வந்து பேசிவிட்டுப் போவார். ஆள் கிடைத்தால் ஆளிடம், கிடைக்காவிட்டால் விளக்குக் கம்பத்திடம்.

"மாமா, உங்ககிட்ட ஒரு உதவி."

"சொல்லும்மா. இங்க குழாய் எதுவும் தொறக்க வேண்டாமில்ல?"

"உங்க பல்செட்டக் கழட்டிட்டு ஏதாவது பேசுங்க பாக்கலாம்."

"என்னது?"

"சும்மாப் பேசுங்க. அர்த்தமே இருக்கக் கூடாது."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பல்செட்டைக் கைக்குட்டையில் வைத்தார். "பபபா... ங்கா... ழழழே... ப்பூ," என்றார். விளக்குக் கம்பத்தடியில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று, எங்கே குழந்தை அழுகிறது என்று பார்த்தாள்.

"போதும் மாமா. பிரமாதம்."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

அவள் சொன்னாள். கிழவர் பல்செட்டை மாட்டிக்கொண்டார்.

"உம் புருஷன் எங்கிட்ட பேசவே மாட்டான் அப்புறம்."

"இப்ப மட்டும் பேசறாரா?"

"அதும் சரிதான்," என்றார். "வாளியத் திருப்பிப் போட்டு உக்காந்துட்டு எத்தனை நாள்தான் பேசறது? இடுப்பு போச்சு. வரேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். குடிலுக்குப் போகிற குழந்தைகளுக்குக் கடைசி வாக்கு கேட்கும் நாள். கணவன் முன்வரிசையில் ஒரு பேராசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவர் கண்ணாடியே இவன் கடையில் வாங்கியதுதான். மூக்கில் சரியாகப் பொருந்துகிறதா என்று இவன் விசாரித்துக்கொண்டிருந்தான்.

பின்னால் பேச்சறையில் டீ வந்தது.

"என்னம்மா, முகம் வாடிக் கெடக்கு?" என்றாள் ஸ்வெட்டர் அக்கா.

"வீட்டுல ஒரே ரகளைங்க்கா."

"ஐயோ. அப்புறம்?"

"ஒரு சாம்பல் பூனை வளர்த்தோம். புள்ளைக்கு அதுதான் உசுரு. அதோட வாலப் புடிச்சுட்டேதான் தூங்குவான். எங்க மாமனார் இருக்காரே..."

"அப்புறம்?"

"முந்தாநாள் அதப் புடிச்சு ஜன்னல் வழியா வெளிய எறிஞ்சிட்டாருங்க்கா. பாவி மனுஷன். புள்ள அன்னியில இருந்து ஜன்னலையே பாக்கறான்."

"அடப்பாவமே. அப்புறம்?"

"அப்புறம் என்ன, அதான் குடிலுக்காவது போய்ப் பூனைய மறக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்."

ஸ்வெட்டர் அக்கா ஊசியை வைத்தாள். ஐயாவுக்குத் தாகம் எடுத்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

பானை அறைக்குள் அவள் குழந்தையோடு போனாள். பக்கவாட்டுக் கதவு வழியாக மாமனார் நுழைந்தார். குழந்தை கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துத் தரையில் உட்கார வைத்தாள். வாய் நிறைய பிஸ்கட். சத்தம் வர வழியே இல்லை. கிழவர் பல்செட்டைக் கழற்றி மருமகள் உள்ளங்கையில் வைத்தார். முழங்காலிட்டு, பானைக்குள் தலையை விட்டார்.

"பபபா... ங்கே... ழழழழ... ம்மூ... ப்பூ!"

குழந்தை பிஸ்கட்டை மறந்துவிட்டு அவரையே பார்த்தது.

கூடத்தில் ஒலிபெருக்கி கனைத்தது.

"குழந்தை பேசுகிறது," என்றார் ஐயா. குரலில் தேன். "ஆகா, என்ன தெளிவு! தகப்பனார் எங்கே? கேளுங்கள். 'என் சாம்பல் நிறப் பூனை எங்கே?' என்று அழுகிறது குழந்தை. 'அதன் வாலைப் பிடித்துக்கொண்டல்லவா தூங்குவேன்! தாத்தா அதை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்துவிட்டாரே! இந்த வீடு எனக்கு வேண்டாம், என்னைக் குடிலுக்கு அனுப்பிவிடுங்கள்' என்கிறது."

கூடம் "அடடா!" என்றது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பேராசிரியர் கணவனின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

கணவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி? உணர்ச்சிவசப்பட்டுட்டீங்களா?"

"இல்ல சார்," என்றான் அவன். "எங்க வீட்டுல பூனை கெடையாது."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்கறதுக்கு என்ன சார் இருக்கு? பூனை இருந்தா தெரியாதா? எனக்குப் பூனை முடி பட்டாலே தும்மல் வரும்."

பேராசிரியர் சிறிது நேரம் சிந்தித்தார். படித்தவர் அல்லவா, வழி பிறந்துவிட்டது. "முற்பிறவிப் பூனை!" என்றார்.

"முற்பிறவிப் பூனை" என்று பின்வரிசை வரை செய்தி போயிற்று. போகப் போக வால் நீண்டது. கடைசி வரிசையை அடைந்தபோது அது புலியாகியிருந்தது.

அப்போது பானை அறைக் கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு அறிவிப்பாளர் வந்தாள். பின்னால் மாமனார், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. அவள் நேரே மேடைக்கு ஏறி, திரைக்கு முன்னால் இருந்த இன்னொரு மைக்கைக் கையில் எடுத்தாள். அதெல்லாம் அவளுக்குத் தினப்படி வேலை.

"அனைவரின் கனிவான கவனத்துக்கு," என்றாள். ஊரே கேட்டுப் பழகிய குரல். பாதிப் பேர் தங்களையறியாமல் மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "இப்ப பானைக்குள்ள பேசினது என் மகன் இல்லை. அவன் பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருந்தான். பேசினவர் இவர்."

கிழவர் நிதானமாகப் பல்செட்டை எடுத்தார், மாட்டினார், கடித்துச் சரிபார்த்தார். பிறகு நடத்துநர்த் தொண்டையைத் திறந்தார்.

"நான் எந்தப் பூனையையும் எறியலைங்க!"

கூடம் எழுந்து நின்றது.

"அப்பா!" என்றான் கணவன். பொது இடத்தில், குழாய் இல்லாமல், இரண்டு ஆண்டுக்குப் பிறகு அப்பாவிடம் பேசிய முதல் சொல்.

திரை விலகியது. ஐயா புன்னகையோடு வந்தார். அனுபவசாலி. "அம்மா, ஒவ்வொரு முதியவருக்குள்ளும் ஒரு குழந்தை உண்டு. அந்தக் குழந்தைதான் பேசியது."

"அப்படீங்களா?" என்றார் கிழவர். "அப்ப என் பூனையத் தூக்கி எறிஞ்ச தாத்தா என்னோட தாத்தாவா? எங்க தாத்தாவுக்கு ஒரு கை வராதுங்களே. ஜன்னலைக்கூட நாங்கதான் தொறந்து விடுவோம்."

யாரோ சிரித்தார்கள். அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் சிரித்ததில்லை.

"முற்பிறவியில்..." என்று பேராசிரியர் எழுந்தார்.

"சார், அந்தப் பூனை எந்தப் பிறவியிலயும் பொறக்கல," என்றாள் அவள். "ஒரு டீ குடிக்கற நேரத்துக்கு முன்னாடி, பேச்சறையில, என் வாயில பொறந்துச்சு. நான் சொன்னது அந்த அக்காகிட்ட. அக்கா தண்ணி கொண்டு போனது ஐயாகிட்ட. நீங்க எல்லாரும் வாரா வாரம் அங்க என்ன பேசினீங்க, ஐயா இங்க என்ன சொன்னாரு, கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

கூடத்தில் தாய்மார்கள் நினைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. அது ஒரு மாதிரிச் சத்தம். "ஏய், அந்த அலமாரி..." என்று ஒரு மருமகள் தொடங்கினாள். "அப்ப நீ என்னப் பத்தி அங்க போய்..." என்றாள் மாமியார்.

"அவதூறு!" என்றார் ஐயா. தேன் கொஞ்சம் குறைந்திருந்தது.

"சண்டை வேண்டாங்கய்யா. சின்ன வேலை. அக்கா இங்கயே எல்லார் கண்ணுக்கும் முன்னாடி உக்காரட்டும். தண்ணி மட்டும் வேண்டாம். அடுத்த குழந்தை பேசட்டும். நீங்க சொல்லுங்க. சரியா இருந்தா நான் கால்ல விழறேன்."

"இந்தா, என் பொண்ணு!" என்று நடுவரிசையிலிருந்து ஒரு பழக்கடைக்காரி எழுந்தாள். அன்றைக்கு முதல்முறை வந்தவள், பேச்சறைக்குள் இன்னும் காலே வைக்கவில்லை. விறுவிறுவென்று பானை அறைக்குப் போனாள். "ஙே... ஙே..." என்று கேட்டது.

ஐயா காதில் குழாயை வைத்தார். ஸ்வெட்டர் அக்காவைப் பார்த்தார். அவள் ஸ்வெட்டரைப் பார்த்தாள். அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"குழந்தை..." என்றார்.

"சொல்லுங்க."

"குழந்தை நலமாக இருப்பதாகச் சொல்கிறது."

பழக்கடைக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "நேத்துல இருந்து அனலாக் கொதிக்குதுய்யா! தொட்டுப் பாரு! அதக் கேக்கத்தான் வந்தேன்!"

"உடம்புக்குத்தான் காய்ச்சல். ஆன்மா நலமாக..."

அதற்குமேல் கேட்கவில்லை. முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றாகிவிட்டன. ஐயா பின்கதவுக்கு ஓடினார். எல்லாம் தெரிந்த மூலமொழி, பின்கதவைத் தள்ளித் திறப்பதா இழுத்துத் திறப்பதா என்பதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. நெடுநேரம் தள்ளினார். ஸ்வெட்டர் அக்கா எப்போது போனாள் என்று தெரியாது. நாற்காலியில் ஸ்வெட்டர் கிடந்தது. யாரோ தூக்கிப் பார்த்தார்கள். கை வைக்கவே இல்லை. கழுத்துக்கும் வழி இல்லை. இத்தனை நாளும் அவள் பின்னியது ஒரு நீளமான எதுவோ.

அத்தோடு ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால், அவசரப்படாதீர்கள். "அப்ப நம்ம புள்ளைங்களுக்கு யாரு சொல்லுவா?" என்று ஒருவர் கவலைப்பட்டார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்காராம். குழந்தையோட நிழலப் பாத்தே சொல்லிடறாராம்," என்றார் பேராசிரியர். நான்கு பேர் வழி விசாரித்தார்கள். கிழவர் குரல் கொடுத்தார்: "போங்க, உள்ள போங்க, அங்கயும் நடுவுல நெறைய எடம் கெடக்கும்!"

கணவன் மேடைக்கு ஏறி வந்தான். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டிக்கொண்டான். மறுபடி கழற்றித் துடைத்தான்.

"திங்கக்கிழமை குடிலுக்கு அனுப்பறேன்னு எழுதிக் குடுத்துட்டேனே."

"யாருக்கு? பின்கதவுல நிக்கறாரே, அவருக்கா?"

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..." அவன் குழந்தையைப் பார்த்தான். பழக்கதோஷம், குரலைத் தாழ்த்தினான். "அப்ப இத்தனை நாளா இவன் என்னதான் சொல்லிட்டு இருந்தான்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மைக் இன்னும் கையில்தான் இருந்தது. "என்னங்க..." என்றாள். அந்தச் சொல் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்தும் அவள் வாயிலிருந்தும் வந்தது.

குழந்தை சடாரென்று ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தது. சிரித்தது. கையை நீட்டப் போய், பாதியில் நிறுத்தியது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. மறுபடி ஒலிபெருக்கி. மறுபடி முகம். பிஸ்கட் ஒட்டிய விரலைக் கொண்டு வந்து அவள் உதட்டின்மேல் வைத்தது.

"ம்," என்றாள் அவள்.

விரல் அதிர்ந்தது. குழந்தை விரலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தது.

கூடத்தில் நிழல்காரருக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மைக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள், வண்டி கிளம்புமுன் சொல்கிற கடைசி அறிவிப்பைப் போல நிதானமாக.

"புள்ள என்ன சொல்றான்னு ஊரு பூரா வரிசையில நின்னு கேட்டோமே, அவன்கிட்ட யாராவது ஒரு வார்த்தை பேசினோமா?"